சிரிப்பு அடங்கும்வரை

பெரினுக்கு மேடையில் ஆயிரம் தடவைக்கு மேல் கல்யாணம் ஆகியிருக்கிறது. கோவிலில் ஒரு தடவைகூட ஆனதில்லை. மாப்பிள்ளை என்னவோ எப்போதும் ஒரே ஆள்தான், லுபான்.

அவள் கட்டியது வேலைக்காரி வேஷம். லுவார் ஆற்றங்கரை ஊர்களில் வண்டி கட்டிக்கொண்டு திரிந்த ஓனோரேயின் நாடகக் கம்பெனியில் பெண்களுக்கு ஆளுக்கொரு வரிசை உண்டு. ஒருத்திக்கு நாயகி, ஒருத்திக்குத் தாய், ஒருத்திக்கு ராணி. சேர்ந்த அன்று எந்த வரிசை கிடைத்ததோ, பல் கொட்டும்வரை அதுதான். பெரினுக்குப் பதினேழு வயதில் வேலைக்காரி வரிசை வந்து சேர்ந்தது. எந்த நாடகமானாலும் நாயகி ஜன்னலோரம் நின்று அழுவாள். கிழட்டு அப்பனை ஏமாற்றுவதும், கடிதம் கடத்துவதும், காதலனைக் கொண்டுவந்து சேர்ப்பதும் வேலைக்காரியின் பாடு. பெருமூச்செல்லாம் நாயகிக்கு, சிரிப்பெல்லாம் வேலைக்காரிக்கு. கடைசி அங்கத்தில் பெரிய இடத்துக் கல்யாணம் முடிந்த கையோடு, காதலனின் வேலைக்காரனுக்கும் நாயகியின் வேலைக்காரிக்கும் ஒரு முடிச்சைப் போட்டுத் திரையை இறக்குவார்கள். அந்த வேலைக்காரன்தான் லுபான்.

கம்பெனியில் யாருக்கும் முழு நாடகத்தையும் எழுதித் தரமாட்டார்கள். காகிதம் விற்கிற விலைக்கு அது கட்டாது. அவரவர் பேச்சு மட்டும் ஒரு சுருளில் இருக்கும். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் எதிராளி முடிக்கிற நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தை காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறக்க வேண்டும். ஒன்பது வருஷம் லுபானுக்கு எதிரே நின்றதில் பெரினின் வாய் தூக்கத்திலும் திறந்தது. "கதவைச் சாத்தினியா?" என்று அவன் படுக்கையில் கேட்டால் மேடைப் பதில்தான் முதலில் வரும். பிறகு இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

இது ஆயிரத்து எழுநூற்று நாற்பதுகளின் கதை. அன்றைக்கு அந்த தேசத்து நியாயம் இப்படி இருந்தது: ராஜா நாடகம் பார்ப்பார், பிரபுக்கள் பார்ப்பார்கள், பிஷப்பின் தங்கை மகன்கூட முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பான். ஆனால் நடிக்கிறவர்களைத் திருச்சபை தள்ளிவைத்திருந்தது. கோவிலில் நற்கருணை கிடையாது, கல்யாணம் கிடையாது, செத்தால் புதைக்க மந்திரித்த மண் கிடையாது. "மேடையை விட்டேன்" என்று பங்குச்சாமி முன்னால் கையெழுத்துப் போட்டால் எல்லாம் உண்டு. சாமர்த்தியசாலிகள் திங்கள்கிழமை கையெழுத்துப் போட்டு, செவ்வாய்க்கிழமை மோதிரமும் கையுமாக வெளியே வந்து, ஞாயிற்றுக்கிழமை மறுபடி மேடை ஏறிவிடுவார்கள்.

லுபான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"வாரத்துக்கு நாலு நாள் பொய் சொல்லித்தான் சாப்பிடறோம். கோவிலுக்குள்ளயும் போய் ஒண்ணு சொல்லணுமா? சாகறப்ப நெசமாவே விட்டுருவோமில்ல, அப்ப போட்டுக்கறேன் கையெழுத்து" என்பான். அப்படியே இருந்துவிட்டார்கள்.

மகள் ஜனேத்துக்கு மட்டும் ஞானஸ்நானம் கிடைத்தது. குழந்தை நடிக்கவில்லையே. நான்கு வயதுவரை வண்டியிலேயே வளர்ந்து, திரைக்குப் பின்னால் தூங்கி, அம்மா குரல் கேட்டால் விழித்துக்கொள்ளும் குழந்தை. மொரில் என்ற சின்ன ஊரில், மார்த்தீன் திருநாள் சந்தைக்காகக் கம்பெனி கூடாரம் போட்டிருந்தபோது, அம்மை வந்து ஆறே நாளில் போய்விட்டது.

கோவில் மணி அடித்து, மெழுகுதிரி பிடித்து, தெற்குச் சுவரோரம் குழந்தையை நல்லடக்கம் செய்தார்கள். குழி மூடியபிறகும் பெரின் எழுந்திருக்கவில்லை. கோவில் உபதேசியார் ரெனே இளகின மனசுக்காரர். அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, பக்கத்து மண்ணைக் காலால் தட்டிக் காட்டினார்.

"இந்த இடம் காலிதான்மா. வேணும்னா சொல்லிவைக்கலாம்" என்றவர், இவள் யார் என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார்.

அந்த ஒரு முழ மண் பெரினின் மனசில் உட்கார்ந்துவிட்டது. குழந்தை இருட்டுக்குப் பயப்படும். அம்மா இல்லாமல் ஒரு இரவும் படுத்ததில்லை. என்றைக்காவது நான் பக்கத்தில் வந்து படுப்பேன் என்று தெரிந்தால், அதுவரை பொறுத்துக்கொள்ளும். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்கே தெரிந்ததால் சொல்லவில்லை. கம்பெனி வண்டி கட்டுகிற அன்று காலை பங்குச்சாமி கிராந்தேனிடம் போய்க் கையெழுத்துப் போட்டாள். இனி எந்த ஊரிலும், எந்த மேடையிலும், எந்த வேஷமும் கட்டமாட்டேன். யாருடைய வசனத்துக்கும் எதிர் வார்த்தை பேசமாட்டேன். மேடையை விடாத ஆளோடு ஒரே கூரைக்குக் கீழே வாழமாட்டேன்.

கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போட்டாள்.

வண்டியருகே நின்ற லுபான் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். "போட்டுட்டியா?" என்றான்.

"போட்டுட்டேன்யா. நீயும் போடு. இங்கயே இருந்துக்கலாம். நான் துணி துவைக்கறேன், நீ படகுல மூட்டை தூக்கு."

"எனக்கு அது ஒண்ணுதான்டி தெரியும், பெரின். அதையும் விட்டுட்டா நான் யாரு?"

அவன் அழுதான். அவளும் அழுதாள். அதட்டிக் கூட்டிப்போகவும் அவனுக்கு வாய் வரவில்லை, மகளும் அங்கே கிடக்கிறாளே. வண்டி போய்விட்டது.

பெரின் ஆற்றங்கரையில் துணி துவைக்கப் போனாள். சாம்பல் தண்ணீரில் கை வெடித்தது. பக்கத்துப் பலகையில் துவைத்தவள் பெயர் மத்தூரின். புருஷன் செத்தவள், வாய் கொஞ்சம் நீளம். முதல் ஆறு மாதம் "ஏய் கூத்துக்காரி, எங்க, அந்த ராணி மாதிரி ஒரு நடை நடந்து காட்டு பாப்போம்" என்று சீண்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் ராணி இல்லக்கா. ராணிக்குச் செருப்பு எடுத்துக் குடுக்கறவ" என்றாள் பெரின் ஒருநாள். மத்தூரினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து தன் சூப்புச் சட்டியில் அவளுக்கும் ஒரு கரண்டி வைத்தாள்.

பதினோரு வருஷம் பெரின் சொன்ன சொல் தவறவில்லை. பங்குச்சாமியே அவளை நம்பி, பீடத்துத் துணிகளை வெளுக்கக் கொடுத்தார். வருஷம் தவறாமல் மார்த்தீன் சந்தைக்குக் கம்பெனி வரும். அந்த ஒரு வாரமும் பெரின் சந்தைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. கைதட்டல் காற்றில் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். லுபான்தான் பகலில் துறைக்கு வருவான். எல்லோரும் பார்க்க, பத்தடி தள்ளிக் கரையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவான். வேலைக்காரி வேஷத்துக்கு இப்போது வந்திருக்கிற பெண் வசனத்தை விழுங்குகிறாள் என்பான். மகளின் மேல் புல் எப்படி வளர்ந்திருக்கிறது என்று இவள் சொல்வாள். ஒவ்வொரு வருஷமும் அவனுக்குத் தலைமயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவந்தது.

"ரெண்டு பேரும் என்னதான் பேசுவீங்க? காதலும் இல்ல, சண்டையும் இல்ல" என்று மத்தூரின் கேட்டாள்.

"வேற என்னக்கா, புருஷன் பொண்டாட்டி பேச்சுதான்" என்றாள் பெரின்.

பதினோராவது சந்தைக்கு லுபான் இருமிக்கொண்டே வந்தான். மூன்றாம் நாள் மேடையில் பாதி வசனத்தில் உட்கார்ந்துவிட்டான். சத்திரக்காரன் காய்ச்சல்காரனை வைத்துக்கொள்ள மாட்டேன் என்றதும், ஓனோரேயின் ஆட்கள் அவனைப் போர்வையில் தூக்கிக்கொண்டு வேறு எங்கே போவது என்று தெரியாமல் பெரினின் வாசலுக்கு வந்தார்கள்.

"உள்ள கொண்டாங்க" என்றாள் அவள்.

"கூரைக்குக் கீழன்னு கையெழுத்துப் போட்டியேடி" என்று மத்தூரின் காதைக் கடித்தாள்.

"வாழக்கூடாதுன்னுதான் போட்டேன். சாகக்கூடாதுன்னு போடலியே."

மறுநாள் காலை அவனுக்குத் தெளிவு இருந்தது. இரண்டு வாய் சூப்பு குடித்தான். பெரின் கெஞ்சினாள். இந்தக் காய்ச்சல் எழுந்திருக்க விடாது, கையெழுத்தைப் போட்டுவிடு, சுவரோரம் மூன்று பேரும் ஒரே வரிசையில் இருக்கலாம் என்றாள். லுபான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி. இனிமே மேடைக்கு என்னால ஆகப்போறது ஒண்ணுமில்ல. நெசமாத்தான் விடறேன். கூப்பிடு உன் சாமிய."

அவள் மரச்செருப்பு தடதடக்க ஓடினாள். பங்குச்சாமி இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் சாகக் கிடந்த ஒரு பண்ணையாளுக்கு அவஸ்தை எண்ணெய் பூசப் போயிருந்தார். படகு திரும்பப் பிற்பகல் ஆகிவிட்டது. அந்த அரை நாளைப் பற்றிப் பேசி என்ன பயன்? யார்மேல் கோபித்துக்கொள்வது? பண்ணையாளும் மனுஷன்தான், அவனும் சாகத்தானே கிடந்தான்.

பங்குச்சாமி எண்ணெயும் காகிதமுமாக வந்தபோது லுபானின் கண் எங்கேயோ இருந்தது. சாட்சிக்கு உபதேசியார் ரெனேயும் மத்தூரினும் சுவரோரம் நின்றார்கள். பங்குச்சாமி குனிந்து, நிதானமாகக் கேட்டார்.

"லுபான், நாடகத் தொழிலை விட்டுடறேன்னு உன் வாயால சொல்லுப்பா. தலையாவது ஆட்டு."

லுபான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"காலையில சரின்னாரு சாமி. சத்தியமா சொன்னாரு" என்றாள் பெரின்.

"என் காதுல விழணும் மகளே. இன்னொரு தடவ நீ கேட்டுப்பாரு."

பெரின் மண்டியிட்டு அவன் முகத்தருகே குனிந்தாள். அவன் கண் அவளிடம் வந்து நின்றது. நின்றதும் அதில் ஒரு வெளிச்சம் வந்தது. கட்டில் பலகையை விரலால் மூன்று தட்டுத் தட்டினான்.

"வீட்ல யாருமில்லியா?" என்றான், நல்ல மேடைக் குரலில்.

அது இரண்டாம் அங்கத்தில் வருவது. வேலைக்காரன் தோட்டத்துக் கதவைத் தட்டும் காட்சி. பெரின் வாயைத் திறக்கவில்லை. அவன் மறுபடி தட்டினான். எதிர் வார்த்தை வராவிட்டால் நடிகன் நகரமாட்டான்; அந்த நாலு வார்த்தைக்காக அங்கேயே நின்றுகொண்டிருப்பான். இந்தக் காட்சி முடிந்தால்தான் இவன் கீழே இறங்குவான், இறங்கினால்தான் சாமி கேட்பது காதில் விழும். அவள் அப்படித்தான் நினைத்தாள். முதலில் அப்படித்தான் நினைத்தாள்.

"யாருமில்லேன்னு சொல்லச் சொன்னாங்க" என்றாள், மெதுவாக.

"அப்ப இப்போ பேசறது யாரு?"

"யாருமில்ல."

"யாருமில்லாதவளுக்குக் குரல் இவ்வளவு அழகா இருக்குதே. மூஞ்சி எப்படியோ?"

"மூஞ்சிக்கு இன்னைக்கு லீவு. நாளைக்கு வாங்க."

சுவரோரம் மத்தூரின் களுக்கென்று சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்து ரெனேவுக்கும் அடக்கமுடியவில்லை, பெரிய மனுஷர், தோள் குலுங்கிற்று. லுபானின் முகம் அந்தச் சத்தத்தில் பத்து வயது குறைந்துபோயிற்று.

பெரின் அடுத்த வசனத்தைச் சொல்லவில்லை. ஒரு மூச்சு பொறுத்தாள். சிரிப்பு அடங்கட்டும் என்று பொறுத்தாள். அது அவள் யோசித்துச் செய்ததல்ல. கூட்டம் சிரிக்கும்போது பேசினால் வசனம் வீண் என்று உடம்புக்குத் தெரியும். பதினோரு வருஷம் சாம்பல் தண்ணீரில் கிடந்தும் உடம்பு அதை மறக்கவில்லை. லுபானும் பொறுத்தான். இரண்டு பேரும் ஒரே மூச்சில் பொறுத்து, ஒரே மூச்சில் தொடர்ந்தார்கள்.

காட்சி முடிவுக்கு வந்தது. "கையக் குடு" என்றான் லுபான்.

"எடுத்துக்கோ. திருப்பித் தரவேணாம்" என்று கையை நீட்டினாள் பெரின்.

அவன் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடினான். பங்குச்சாமி இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தோளைத் தொட்டு அசைத்தார். கண் திறக்கவில்லை. அவர் எண்ணெய்ச் சிமிழை மூடி, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அன்று சாயங்காலமே லுபான் போய்விட்டான், கையை விடாமல்.

கோவில் மணி அடிக்கவில்லை. ஓனோரேயும் இன்னும் நாலு பேரும் ஆற்றோரத்து மரக்கிடங்குக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். படகுக்குப் பலகை அறுக்கும் இடம் அது. மரத்தூள் பறந்து வந்து எல்லோர் தலையிலும் விழுந்தது.

எட்டாம் நாள் பங்குச்சாமி அவளைக் கூப்பிட்டனுப்பினார். கோவிலின் பின்னறையில், மேஜைமேல் அவளுடைய பழைய காகிதம் விரித்திருந்தது.

"உக்காரு மகளே. ஊர் பேசிக்குது, உனக்கே தெரியும். ரெனே போற எடமெல்லாம் அந்தக் காட்சியச் சொல்லிச் சிரிக்கறான், கூறுகெட்டவன். பிஷப் காதுக்குப் போயிருச்சு. காகிதம் செல்லாதுன்னு எழுதச் சொல்லியிருக்காங்க."

பெரின் உட்காரவில்லை.

"நான் எழுத விரும்பல" என்றார் அவர். "நீ ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். சாகப்போறவன சமாதானப்படுத்தப் பேசினேன், நடிக்கலன்னு சொல்லு. அத நான் எழுதி அனுப்பறேன். அந்த எடம் உனக்கு அப்படியே இருக்கும்."

"நீங்க அத நம்பறீங்களா சாமி?"

அவர் கெட்டவரல்ல, பொய் சொல்லிப் பழக்கம் குறைவு, அவ்வளவுதான்.

"நீ பொறுத்த பாரு, அவங்க சிரிச்சப்ப. அத நான் பாத்தேன். படிக்கறப்ப மடத்துப் பள்ளிக்கூடத்துல நாங்களும் நாடகம் போட்டிருக்கோம். வேதத்துக்காக உயிரவிட்ட ஒரு கன்னிகை வேஷம், நான்தான் கட்டினேன். எனக்குத் தெரியும் அது என்னன்னு."

"உங்களுக்கு யாரும் காகிதம் நீட்டலியே சாமி" என்றாள் பெரின். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதுபோலத்தான் சொன்னாள்.

அவர் முகம் சிவந்துபோயிற்று. "அதெல்லாம் என் கையில இல்லம்மா. நான் கேக்கறத மட்டும் சொல்லு. நடிக்கலன்னு சொல்லு. ஒரு வார்த்தை."

ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் பாவம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். தெற்குச் சுவரோரம் இருக்கிற அந்த மண் அவளுக்குப் பதினோரு வருஷச் சம்பளம். அதற்காகத்தான் புருஷனைப் பத்தடி தள்ளி உட்கார வைத்தாள். ஆனால் வாயைத் திறந்தபோது அந்த ஒரு மூச்சு நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பொறுத்த அந்த ஒரு மூச்சில் அவளுக்குத் துக்கமே இல்லை. சந்தோஷமாக இருந்தாள். அவனும் சந்தோஷமாக இருந்தான். கோவில் கட்டிவைக்காத கல்யாணத்தில் அவர்கள் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது அவ்வளவுதான். அதை இல்லை என்று சொன்னால், அவன் யாரோடு பேசிக்கொண்டு செத்தான்?

"நடிச்சேன் சாமி" என்றாள். "நல்லா நடிச்சோம்."

பங்குச்சாமி இறகுப் பேனாவை மையில் தோய்த்தார். காகிதம் செல்லாது என்று எழுதினார்.

பீடத்துத் துணிகள் வேறொருத்திக்குப் போயின. "வா பெரின், இனி உனக்கென்ன தடை" என்று ஓனோரே கூப்பிட்டபோது, "எதிர்ல யாரு நிக்கறது?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். மேடையும் இல்லை, மண்ணும் இல்லை. துறையில் துவைத்துக்கொண்டே இன்னும் ஒன்பது குளிர்காலம் இருந்தாள். ஜனேத்தின் பக்கத்தில் அடுத்த வசந்தத்திலேயே மாவு மில்காரரின் மனைவியை அடக்கினார்கள். பெரினை, அவள் முறை வந்தபோது, மத்தூரினும் இரண்டு படகுக்காரர்களும் மரக்கிடங்குக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். அதற்குள் லுபானை வைத்த இடம் எது என்று அங்கே யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தோராயமாக ஒரு இடத்தில் வெட்டினார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. பங்குச்சாமியின் அறையிலிருந்து வெளியே வந்த அன்று பெரின் நேரே தெற்குச் சுவருக்குப் போனாள். கல்லறைத் தோட்டத்துக்குள் போக இனி அவளுக்கு உரிமை இல்லை என்று யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. மகள்மேல் இருந்த புல்லைக் கையால் ஒதுக்கி, பக்கத்து வெறும் மண்ணைத் தொடாமல், தள்ளி உட்கார்ந்தாள். நாலு வயதில் போன பிள்ளை, இருந்திருந்தால் பதினைந்து. எந்த வயதுப் பிள்ளையிடம் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திகைத்தாள். பிறகு நாலு வயசுக்காரியிடமே சொன்னாள்.

"அம்மா வரமாட்டேன்டா கண்ணு. உங்கப்பா கூப்பிட்டாரு. பதில் சொல்லாம இருக்க முடியல."